திண்ணையில் எழுதிய கணக்கு

(அவலூர்பேட்டையில் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘மருத்துவ ஆராய்ச்சியும் மக்கள் நல்வாழ்வுக் கொள்கையும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். வாசலில் அதைப் படித்த பெரியவர் ஒருவர், “இது டாக்டருங்க கூட்டமா? நாங்க உள்ள வரலாமா?” என்று கேட்டார். ஐயா, உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டம். ஏனென்றால் இன்றைக்கு நான் சொல்லப்போகும் ஆராய்ச்சியில் பாதி உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு வாரத்து இருமலோடு போனால் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சளி எடுத்துவரச் சொல்கிறார்கள். ஏன்? காசநோய் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏன்? மாத்திரையோடு வங்கிக் கணக்கில் சாப்பாட்டுக்குப் பணமும் போடுகிறார்கள். அது ஏன்? யாரோ ஒரு அமைச்சர் ஒருநாள் காலையில் எழுந்து யோசித்த யோசனையா இவை? இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. யாரோ எண்ணியிருக்கிறார்கள். எங்கேயோ எண்ணியிருக்கிறார்கள். இந்த ‘எங்கே’ என்ற கேள்வியைத்தான் இன்று மாலை உங்கள் முன் வைக்கப்போகிறேன். எந்த ஊரில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். விடை மாறினால் கொள்கை மாறும். கொள்கை மாறினால் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதும் மாறும்.

முதலில் நம் மாவட்டத்துக் கதை.

1993-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. இன்றைய கள்ளக்குறிச்சியும் அப்போது நம்மோடுதான். அந்தப் புது மாவட்டத்தின் கிராமங்களில் 1997, 1998-ல் இறந்தவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் டாக்டர் வேந்தன் கஜலட்சுமி. உடன் நின்றவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ. சென்னையில் 48,000 பேர், விழுப்புரத்துக் கிராமங்களில் 32,000 பேர், ஆக 80,000 பெரியவர்களின் சாவுக்குக் காரணம் என்ன என்று வீடுவீடாகப் போய்க் கேட்டார்கள்.

எதற்காகக் கேட்க வேண்டும்? பதிவேட்டில் இருக்காதா? இருக்கும். கிராமத்தில் ஒருவர் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். பெயர், வயது, தேதி. காரணம்? ‘நெஞ்சுவலி’, ‘காய்ச்சல்’, ‘முதுமை’. ஐம்பது வயதுக்காரருக்கு முதுமை! வீட்டில் இறந்தவரை எந்த மருத்துவர் பார்த்தார், காரணம் எழுத? நம் ஊர்களில் பெரும்பாலான சாவு வீட்டில்தானே நடக்கிறது.

ஆகவே வேறு வழி கண்டார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கத்தி இல்லை, மேசை இல்லை. பயிற்சி பெற்ற களப்பணியாளர், மருத்துவம் படிக்காதவர், இறந்தவரின் வீட்டுக்குப் போய் உட்காருவார். மனைவியிடமோ மகனிடமோ நிதானமாகக் கேட்பார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? இருமல் முன்பே இருந்ததா? சளியில் ரத்தம் வந்ததா? உடம்பு இளைத்துப்போனதா? நெஞ்சுவலி என்றால் எந்த இடத்தில், எவ்வளவு நேரம்? காலில் வீக்கம் இருந்ததா? சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதிக்கொள்வார். அந்தத் தாளை மருத்துவர்கள் படித்துப் பார்த்து, இன்ன காரணம் என்று தீர்மானிப்பார்கள். பிறகு சில வீடுகளுக்கு வேறொருவர் மறுபடியும் போய், முதலில் வந்தவர் ஒழுங்காகக் கேட்டாரா என்று சரிபார்ப்பார்.

நினைத்துப் பாருங்கள். கணவன் செத்துப்போன வீடு. முன்பின் தெரியாத ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து நிற்கிறார். “போய்யா உன் வேலையைப் பார்த்துக்கிட்டு” என்று சொல்லியிருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். நம் பெண்கள் சொல்லவில்லை. பாய் விரித்து உட்காரவைத்து, அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார்கள். இந்த அவையில் இருக்கும் மூத்த தாய்மார்களில் யாருக்காவது அப்படி ஒருவர் வந்துபோனது நினைவிருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். இறந்தவருக்குப் புகைக்கும் பழக்கம் இருந்ததா? பீடியா, சிகரெட்டா? எந்த வயதில் தொடங்கினார்? நோயால் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி இதைக் கேட்டார்கள். சென்னையில் 27,000, விழுப்புரத்தில் 16,000. அதே கேள்வியை உயிரோடு இருந்த 35,000 ஆண்களைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

என்ன வந்தது? புற்றுநோய் வரும் என்று எதிர்பார்த்தார்கள். மாரடைப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டும் வந்தன. ஆனால் இன்னொன்று வந்து நின்றது: காசநோய். 25 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களில், புகைத்தவர்கள் காசநோயால் இறந்தது புகைக்காதவர்களைவிடச் சென்னையில் நான்கரை மடங்கு. விழுப்புரத்துக் கிராமங்களிலும் காசநோய்ச் சாவு அதே அளவில் கூடியிருந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்று 2003 ஆகஸ்டில் லான்செட் இதழில் எழுதினார்கள். உள்ளே அடங்கிக்கிடக்கும் கிருமியைப் புகை எழுப்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். புகையைப் பற்றி உலகம் எப்போது ஆராயத் தொடங்கியது? 1950-லேயே லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவை எண்ணிக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு டால் தானே சிகரெட்டை விட்டார். 1951-ல் இங்கிலாந்தின் ஆண் மருத்துவர்கள் முப்பத்து நாலாயிரம் பேரின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்து, பிறகு ஐம்பது ஆண்டு அவர்களைத் தொடர்ந்தார்கள். அவ்வளவு பெரிய ஆய்வு, அவ்வளவு கவனமான ஆய்வு. அதில் காசநோய் ஏன் முன்னுக்கு வரவில்லை?

அந்த மருத்துவர்களிடையே காசநோய்ச் சாவு அரிதாகிக்கொண்டிருந்ததால்தான் வரவில்லை. இல்லாத நோயை எப்படி எண்ணுவது? லண்டனில் எண்ணினால் புற்றுநோய் தெரியும். காசநோய் தெரிய வேண்டுமானால் வியாசர்பாடியிலும் வளத்தியிலும் மேல்மலையனூரிலும் எண்ண வேண்டும். வெள்ளைக்காரன் ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை; அது அவன் ஊரின் உண்மை. நம் ஊரின் உண்மை நம் ஊர்த் திண்ணையில் காத்துக்கொண்டிருந்தது.

சரி, கண்டுபிடித்தார்கள். கொள்கை ஆனதா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மேடையில் நிற்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆராய்ச்சி வந்தது, மறுநாள் சட்டம் வந்தது என்று கைதட்டலுக்காகப் பேசிவிடுவோம். அப்படி நடக்கவில்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தக் கட்டுரைக்குச் சில மாதம் முன்பே, 2003-லேயே நிறைவேறிவிட்டது. அதற்கும் முன்னால், 2001-ல், பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஆணை இருந்தது, பஸ்ஸிலும் டீக்கடையிலும் புகையும் இருந்தது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளன்று, கறாரான விதிகள் அமலுக்கு வந்தன. 2009-ல் பாக்கெட்டின் மேல் எச்சரிக்கைப் படம் வந்தது. அந்தப் படம் பாக்கெட்டில் 85 விழுக்காட்டை மூடும் அளவுக்கு 2016-ல்தான் பெரிதானது. காசநோய்த் திட்டமும் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் கைகோத்து, மாத்திரை வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் “புகைப்பீர்களா?” என்று கேட்டு, விட உதவ வேண்டும் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது 2017-ல். திண்ணையில் எழுதிய தாள் சுகாதார நிலையத்து மேசைக்கு வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த இருபது ஆண்டில் எத்தனை பேர் போனார்கள் என்பதும் ஒரு கணக்குதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் கிராமங்களில் புகை என்றால் பீடி. பீடியில் புகையிலை கொஞ்சம்தானே, சிகரெட்டு அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நம்மவர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ஆறுதலை விழுப்புரத்துக் கணக்கும் உடைத்தது. ஆனால் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி என்ன முடிவெடுத்தது தெரியுமா? சிகரெட்டுக்கு 40 விழுக்காடு. பீடிக்கு, இருந்த 28-ஐ 18 ஆகக் குறைத்தது. ஏன்? பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு. குடியாத்தத்திலும் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றும் பெண்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்குக் கூலி குறைவு, அவர்கள் மூச்சிலும் புகையிலைத் தூள். ஆனால் அவர்களைக் காப்பாற்ற வேறு கூலி, வேறு தொழில், வேறு உதவி தரலாமே. ஏழைப் பெண்ணின் பிழைப்புக்காக ஏழை ஆணின் நுரையீரலை மலிவு விலைக்கு விற்பது என்ன நியாயம்? கவுன்சில் மேசையில் ஓட்டுக் கணக்கும் இருக்கும், கூலிக் கணக்கும் இருக்கும், பிணக் கணக்கும் இருக்கும். எந்தக் கணக்கை மேலே வைப்பது என்பதை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஆராய்ச்சியால் அதைத் தீர்மானிக்க முடியாது.

அதே விழுப்புரத்து ஆய்வு வேறொரு கதவையும் திறந்தது. பேசக் கஷ்டமான கதவு. நம் கிராமங்களில் தற்கொலையால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 60-க்கும் மேல் என்று தெரிந்தது. காவல்துறைக் கணக்கின்படி அப்போது நாட்டின் சராசரி 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. எவ்வளவு இடைவெளி! போலீஸ் கேட்டால் ‘வயிற்றுவலி’ என்பார்கள். அன்றைக்கு முயற்சியே குற்றம், கேஸ், கோர்ட்டு. பேனாவோடு வந்த களப்பணியாளரால் யாருக்கும் கேஸ் வராது. ஆகவே அவரிடம் உண்மையைச் சொன்னார்கள். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தும் விடை மாறும் என்று இதில் தெரிந்தது.

2017-ல் வந்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் தோற்ற பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், உடனே மறுதேர்வு எழுதலாம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததன் பின்னால், சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் வற்புறுத்தல் இருந்தது. கல்வித் துறையின் அரசாணை ஒன்று உயிர்காக்கும் மருந்தாகிறது! பக்கத்தில் இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டில் தற்கொலை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் குறையவில்லை என்பதையும் அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். மனசு கனத்துக் கிடக்கும் யாராவது இந்த அவையில் இருந்தால், உங்கள் வீட்டில் இருந்தால், 104 என்ற எண்ணுக்கோ 14416-க்கோ பேசுங்கள். காசு இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

தோழர்களே, காசநோய்க்குத் திரும்புவோம். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, ஏன் என்று கேட்டேனே. அதற்குச் சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும். அவலூர்பேட்டையில் சேத்துப்பட்டு என்றால் நீங்கள் அதே பெயருள்ள பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள். நான் சொல்வது சென்னைச் சேத்துப்பட்டு.

1956-ல் அங்கே காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. தலைமைக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அன்றைக்கு உலகம் முழுதும் என்ன நம்பிக்கை? காசநோய் வந்தால் சானடோரியத்துக்குப் போ. நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் இருக்கிறதே, அந்தக் காலத்து நம்பிக்கையின் மிச்சம் அது.

ஆனால் 1955-58-ல் நாடு முழுதும் எடுத்த கணக்கெடுப்பு, சளியில் கிருமியோடு சுமார் 15 லட்சம் பேர் நடமாடுகிறார்கள் என்றது. இத்தனை பேருக்குக் கட்டில் போட எந்த அரசால் முடியும்? வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? பெண்டாட்டி பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா? யாருக்கும் தெரியாது. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும்? எண்ண வேண்டும்.

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள்? ஒற்றை அறை, அதில் முழுக் குடும்பம். சாப்பாடு அரைவயிறு. கொஞ்சம் தெம்பு வந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள்: சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. அவ்வளவுதான் வித்தியாசம். குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் நோயாளியை வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக ஒட்டவில்லை. ஒட்டுவதெல்லாம் பெரும்பாலும் நோய் தெரிந்து மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது.

1959-ல் இந்த முடிவு வெளியானது. அதன் பிறகு சானடோரியம் என்ற ஏற்பாடே உலகெங்கும் மெல்ல மெல்ல ஆட்டம் கண்டது. சென்னைச் சேரியின் ஒற்றை அறையில் கண்ட உண்மை வெள்ளைக்கார நாடுகளின் மலைவாச சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட உதவியது. இந்தியா 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது வீட்டுச் சிகிச்சைதான் அதன் முதுகெலும்பு. அந்தச் சளி டப்பாவும் அப்படி வந்ததுதான். கர்நாடகத்தின் தும்கூர் கிராமங்களில் டி. பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்த ஆய்வில், காசநோய் உள்ளவர்களில் பாதிப் பேர் தாங்களாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தது தெரிந்தது. போன இடத்தில் இருமல் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர் ஊராக வேன் விட்டு நோயாளியைத் தேட வேண்டாம், இருமலோடு வருபவரின் சளியைப் பார்த்தாலே போதும் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது.

கண் முன்னால் மாத்திரையை விழுங்கவைக்கும் முறைக்கும் வேர் சேத்துப்பட்டில்தான். 1960-களில் வாரம் இருமுறை மேற்பார்வையில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கண்டார்கள். பிற்பாடு உலக சுகாதார நிறுவனம் அதற்கு டாட்ஸ் என்று பெயர் சூட்டி உலகெங்கும் அனுப்பியது. நம் ஊர்க் கூலிக்காரர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, மாத்திரை விழுங்குவதற்காக நடந்து போய் வரிசையில் நின்றார் என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017-ல் இந்தியா தினசரி மருந்து முறைக்கு மாறியது.

ஆராய்ச்சி ‘இல்லை’ என்றும் சொல்லும். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள், பதினைந்து ஆண்டு தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1956 ஆய்வில் வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு சாப்பிட்டும் பிழைத்தார்கள் அல்லவா? அதை வைத்து 1961-ல் ஒரு கட்டுரை வந்தது: நல்ல மருந்து இருந்தால் குணமாவதற்கு உணவு பெரிய தடை இல்லை என்று. கட்டுரை தான் பார்த்ததைச் சொன்னது. கொள்கை வகுத்தவர்கள் அதை எப்படிப் படித்தார்கள்? ‘சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று படித்தார்கள்! கஜானாவுக்கு அது சௌகரியமான வாசிப்பு. அரை நூற்றாண்டுக்கு மேல் காசநோய்த் திட்டத்தில் மாத்திரை இருந்தது, சோறு இல்லை. ‘கும்பி காய்ஞ்சா குதிரையும் ஓடாது’ என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். ஆனால் பாட்டியின் வாக்கு கோப்பில் ஏறாது. எண்ணிக் காட்ட வேண்டும்.

எண்ணிக் காட்டினார்கள். ஜார்கண்டில், 2019-ல் தொடங்கி. மங்களூரின் யெனப்போயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியர். அவர்களோடு நின்றது அதே சேத்துப்பட்டு மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பை கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்: தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அரிசி, பருப்பு, கூடவே சத்து மாத்திரை. வேறு அதிசயம் ஒன்றும் இல்லை.

2023-ல் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 விழுக்காடு குறைவு. மற்றவருக்குப் பரப்பும் வகைக் காசநோய் 48 விழுக்காடு குறைவு. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறிய நோயாளிகளிடையே சாவு 61 விழுக்காடு குறைவு. ஒன்றரைக் கிலோ பருப்பு தடுப்பூசி செய்யாததைச் செய்தது! 2018 முதல் நோயாளிக்குச் சாப்பாட்டுக்கென மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த மத்திய அரசு 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியது. குடும்பத்தாருக்கும் உணவுப் பை தரலாம் என்றது. ஆயிரம் ரூபாயில் இன்றைய துவரம்பருப்பு விலைக்கு ஒரு மாதம் என்ன வாங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அறுபது ஆண்டு அடைத்திருந்த கதவு திறந்திருக்கிறது.

தமிழ்நாடு இன்னும் ஒரு படி போனது. 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் தெரிந்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பதுதான் ஆதாரம். என்ன செய்கிறார்கள்? நோய் என்று தெரிந்ததும் நர்சம்மா எடை பார்ப்பார், உயரம் பார்ப்பார். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார். 94-க்குக் கீழே போனால் ஆபத்து. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார். காலில் வீக்கம் பார்ப்பார். “எழுந்து நில்லுங்க” என்பார். கை பிடிக்காமல் நிற்க முடியவில்லை என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, அங்கே படுக்கை, தேறும் வரை சிறப்பு உணவு. எடை மெஷினும் கைக்கடிகாரமும் விரல் கிளிப்பும்தான் கருவி.

கவனித்தீர்களா? 1959-ல் வந்த முடிவை வைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு என்று சொன்ன கொள்கை, சிலரைப் படுக்கையில் சேர் என்று 2022-ல் திருத்திக்கொள்கிறது. இரண்டும் முரண் அல்ல. 1956-ல் ‘வீடா, கட்டிலா’ என்று கேட்டார்கள். 2022-ல் ‘யாருக்கு வீடு, யாருக்குக் கட்டில்’ என்று கேட்டார்கள். எண்ணிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த கேள்வி பிறக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்று எழுதினால், “எடை பார்த்தீங்களா, நிக்க வெச்சுப் பார்த்தீங்களா?” என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தாய்மார்களுக்கு.

மல்லாட்டைக் கொல்லையில் சித்திரை வெயிலில் களை வெட்டுகிறீர்கள். செங்கல் சூளையில் மண் சுமக்கிறீர்கள். மாசமாக இருக்கும் பெண்ணும் போகிறாள். போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால், 2017-லிருந்து தமிழ்நாட்டில் இப்படி வேலை செய்யும் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருக்கலையும் ஆபத்து இரண்டு மடங்கு என்று கண்டார். வெள்ளைக்கார நாட்டில் எண்ணினால் இது தெரியுமா? உலகின் வெப்ப வரம்புகள் பெரும்பாலும் ஆண் உடம்பை அளவாக வைத்து எழுதியவை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் செத்தால் பணம் உண்டு, கரு கலைந்தால்? அதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. மாசமாக இருப்பவளுக்குப் பதினோரு மணிக்கு மேல் வெயில் வேலை வேண்டாம், கூலி குறையாது என்று ஒரு விதி வர வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் நிழல், குடிதண்ணீர், பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு வர வேண்டும். மறைப்பு இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறீர்களே, அதுவும் எழுதப்பட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கிராம சுகாதார செவிலியர் வரும்போது, போன கோடையில் உங்கள் தெருவில் எத்தனை கரு கலைந்தது என்று நீங்கள் எண்ணியதைச் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஆண்கள் கேள்வி கேட்க ஏற்கெனவே கை தூக்கிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். நீங்கள் சொல்லுங்கம்மா.